நெஞ்சு உயரப் புல்லுக்கு எந்த மிஷின்? – பட்டறைப் பதில்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை புல்லைப் பற்றித்தான் இருக்கும். இந்த மாதமும் அப்படியே. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அதிலுள்ள குழப்பம் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பலருக்கும் இருப்பதுதான்.

கேள்வி: ஐயா, ஆனைமலை பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மாமனார் உடம்பு முடியாமல் இருந்த சமயத்தில் தோப்பை யாரும் கவனிக்கவில்லை. இப்போது கினியா புல் நெஞ்சு உயரம் நிற்கிறது. நடுவில் உண்ணிச்செடியும் சீமைக் கருவேலங் கன்றுகளும் இருக்கின்றன. சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் மிஷின் வாங்கலாம் என்று பார்த்தால், ஒரு கடையில் 52 சிசி டூ ஸ்ட்ரோக்கைக் காட்டுகிறார்கள். இன்னொரு கடையில் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "சிசி கூட இருந்தால்தான் தடித்த புல்லை வெட்டும்" என்கிறார் கொழுந்தனார். தோப்பில் எங்களுடன் இருக்கும் அண்ணன்தான் ஓட்டப் போகிறார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எதை வாங்கலாம்?
– வாசகி, ஆனைமலை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் அந்த அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். மிஷின் வாங்க வருகிறவர்கள் நிலத்தைச் சொல்வார்கள், புல்லைச் சொல்வார்கள், பட்ஜெட்டைச் சொல்வார்கள். யார் தோளில் அது தொங்கப் போகிறது என்று சொல்கிறவர்கள் குறைவு. இந்த வகை மிஷின்கள் பெரும்பாலும் ஏழு, எட்டு கிலோ எடை இருக்கும். பெட்ரோல் ஊற்றி, பிளேடும் மாட்டினால் இன்னும் கூடும். அதை மாட்டிக்கொண்டு வெயிலில், அதிரும் கைப்பிடியைப் பிடித்தபடி, இடுப்பைத் திருப்பித் திருப்பி ஒரு மனிதர் அரை நாள் நிற்க வேண்டும். கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிஷினை அவர் தோளில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடமாவது பிடித்துப் பார்க்கட்டும். அவர் "இது ஆகாது" என்று சொன்னால் அது ஆகாது. அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இனி சிசி விஷயம். சிசி என்பது இஞ்சினின் கொள்ளளவு. வெட்டும் பலத்தை அது நேராகச் சொல்லாது. பலத்தைப் பார்க்க வேண்டுமானால் கையேட்டைப் புரட்டி கிலோவாட் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சின் 35.8 சிசி, அது தருவது 1 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 1.3 ஹெச்பி. ஸ்டில் கம்பெனியின் எஃப்எஸ் 250 டூ ஸ்ட்ரோக், 40.2 சிசி; அது 1.6 கிலோவாட் தருகிறது. 52 சிசி என்று விற்கும் மலிவு மிஷின்கள் பலவற்றின் கையேட்டில் 1.4, 1.5 கிலோவாட் என்றுதான் இருக்கும். 52 இருக்கிற இடத்தில் 40 கூடுதல் பலம் தருகிறது, பார்த்தீர்களா? மூடியில் "5 ஹெச்பி" என்று ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின்களும் சந்தையில் உண்டு. ஒரு ஹெச்பி 746 வாட். ஐந்து ஹெச்பி என்றால் 3.7 கிலோவாட். கையில் பிடிக்கும் 52 சிசி இஞ்சினில் அது வராது. அந்த ஸ்டிக்கரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, நெஞ்சு உயரக் கினியா புல்லை 35 சிசி வெட்டுமா? வெட்டும். ஆனால் அதை வெட்டுவது இஞ்சினைவிட பிளேடும் வெட்டுகிற முறையும்தான். கடையில் மிஷினோடு ஒரு நைலான் ஹெட், அதாவது பிளேடுக்குப் பதில் சுழலும் நைலான் கயிற்றால் வெட்டும் தலைப்பகுதி, தருவார்கள். அதை இந்தப் புல்லில் விட்டால் அரை மணி நேரத்தில் கயிறு தீர்ந்துவிடும், புல் நார்நாராகக் கிழிந்து நிற்கும். பழுத்துத் தடித்த கினியாத் தண்டுக்கு மூன்று பல் ஸ்டீல் பிளேடுதான் சரி. 255 மி.மீ. விட்டம் போதும். பல வகைகளில் ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போட்டு ஓட்டலாம். சீமைக் கருவேலங் கன்றுக்கும் உண்ணிச்செடியின் கட்டைத் தண்டுக்கும் 80 பல் வட்ட ரம்பப் பிளேடு வேண்டும். விரல் தடிமன் வரை அது நன்றாகப் போகும். மணிக்கட்டுத் தடிமன் வந்துவிட்ட கருவேலத்தைக் கோடரிக்கு விட்டுவிடுங்கள். பிரஷ் கட்டரை மரம் அறுக்கப் பிடித்தால் பாதிக்கப்படுவது அந்த அண்ணனின் தோளும் மணிக்கட்டும்தான்.

என்னுடைய முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே மிஷின் தேவையில்லை. முதலாவது, இப்போது நிற்கும் காட்டைத் திறப்பது. அது ஒரு முறைதான். சொந்த மிஷினோடு மணிக்கணக்கில் கூலிக்கு வரும் ஆட்கள் உங்கள் பக்கம் எங்கும் இருக்கிறார்கள். பழகிய இரண்டு பேரை வைத்து அதை முடித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதன்பிறகு வருஷம் முழுக்க முழங்கால் உயரத்தைத் தாண்டவிடாமல் பராமரிப்பது. அந்த வேலைக்குத்தான் நீங்கள் மிஷின் வாங்குகிறீர்கள். அதற்கு 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், சைடு பேக் (இஞ்சின் தண்டின் முனையிலேயே இருந்து உடம்புக்குப் பக்கவாட்டில் தொங்கும் வகை), சைக்கிள் ஹேண்டில் போல இரு பக்கமும் பிடி உள்ளது, இரண்டு தோளுக்கும் வார் உள்ளது, இவ்வளவு போதும். டூ ஸ்ட்ரோக் போல ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, புகை குறைவு, சத்தமும் குறைவு. அரை நாள் காதுக்குப் பக்கத்தில் ஓடுகிற இஞ்சினுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு என்று ஒரு கவனிப்பு வேண்டும். சின்ன இஞ்சினில் 100 மில்லி ஆயில்தான் பிடிக்கும். அளவு குறைந்தால் தாங்காது. முதல் 10 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 50 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பார்ப்பதை அந்த அண்ணனுக்குப் பழக்கிவிடுங்கள்.

விலை மூன்று மடங்கு என்பது சும்மா ஒதுக்கிவிடக் கூடிய தொகை இல்லை, எனக்குத் தெரியும். மலிவு மிஷினை முற்றிலும் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு சோதனை மட்டும் வையுங்கள். கடைக்காரரிடம் கார்புரேட்டர் டயஃபிரம், கிளட்ச் டிரம், ரீகாயில் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் என்ற மூன்று உதிரிபாகங்களும் இப்போது கையில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டினால் யோசிக்கலாம். "சொன்னால் வரவழைத்துத் தருகிறோம்" என்றால், புல் முளைக்கிற மாதத்தில் மிஷின் மூலையில் கிடக்கும். எங்கள் பட்டறையில் அப்படிச் சின்ன ஸ்பிரிங் ஒன்றுக்காகக் காத்திருக்கும் மிஷின்கள் எப்போதும் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாங்கியவரின் பணத்தை நினைத்து வருத்தமாக இருக்கிறது.

இனி வெட்டும் முறை. கூலிக்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். முதல் நாள் மிஷினை எடுக்க வேண்டாம். ஒரு தடியை எடுத்துக்கொண்டு தோப்பு முழுக்கத் தட்டி நடக்கட்டும். பாம்பு விலகும். புல்லுக்குள் கிடக்கும் கல், முள்கம்பி, உடைந்த பாட்டில், பழைய நைலான் கயிறு எல்லாம் தெரியவரும். சொட்டுநீர்க் குழாயைக் கையால் இழுத்து மரத்தடியில் சுருட்டி வைத்துவிடுங்கள். எடுக்க முடியாத இடத்தில் இரண்டு பக்கமும் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். 16 மி.மீ. பக்கவாட்டுக் குழாயை பிளேடு வெட்டுவது ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தண்ணீர் விடும் அன்றுதான் தெரியும்.

நெஞ்சு உயரப் புல்லை ஒரே வீச்சில் அடியில் வெட்டாதீர்கள். நீண்ட தண்டு சாய்ந்து கியர் பெட்டியைச் சுற்றிக்கொள்ளும், இஞ்சின் திணறும், கிளட்ச் சூடாகும். முதல் வீச்சில் இடுப்பு உயரத்தில் மேல் பாதி. இரண்டாவது வீச்சில் தரைக்கு ஒரு சாண் மேலே. சைடு பேக் மிஷினில் பிளேடு, ஓட்டுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஆகவே வலமிருந்து இடமாக வீச வேண்டும். வெட்டிய புல் இடப்பக்கம், ஏற்கனவே வெட்டிய இடத்தில் விழும். தடித்த தண்டுக்குப் பிளேடின் இடப்பக்கத்தைக் கொடுங்கள். பிளேடு வட்டத்தின் முன்புற வலது பக்க நாலில் ஒரு பங்கு கட்டையிலோ கல்லிலோ பட்டால் மிஷின் ஆளையே உதறித் தள்ளும். பழகாதவர்கள் காயப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு பகுதியால்தான்.

பிளேடு நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 330 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் போகிறது. சுற்று வட்டாரத்தில் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர் கொண்டுவரும் பிள்ளையும் சரி, மாட்டைப் பிடித்திருக்கும் பெரியவரும் சரி. முகக் கவசம், முழங்கால் வரை காப்பு, கட்டைவிரல் மூடிய பூட்ஸ் மூன்றும் மிஷினோடு சேர்த்தே வாங்குங்கள். வேட்டி, லுங்கி, கழுத்துத் துண்டு வேண்டாம். கூலிக்கு வருகிறவருக்கு இதெல்லாம் இல்லை என்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கண்ணில் தெறிக்கும் ஒரு கல் துணுக்கு ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தையே நிறுத்திவிடும்.

இன்னொன்று. கினியா நல்ல தீவனப் புல். பூத்து விதை கொட்டும் முன் வெட்டினால் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து சந்தோஷமாக எடுத்துப் போவார்கள். மீதியை மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குள், அடிமரத்தை ஒட்டாமல் மூடாக்காகப் பரப்புங்கள். விதை விழுந்த பிறகு வெட்டினால் அடுத்த மழைக்கு நீங்களே விதைத்த மாதிரிதான்.

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் சரிவான நிலத்தில் காப்பியும் மிளகும். சைடு பேக் நல்லதா, முதுகில் மாட்டும் பேக் பேக் நல்லதா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: உங்கள் நிலத்துக்குப் பேக் பேக். சரிவில் நிற்கும்போது சைடு பேக்கின் நீண்ட தண்டு மேட்டுப் பக்கம் தரையில் முட்டும், காப்பிச் செடிகளின் நடுவே திரும்ப இடம் இருக்காது. பேக் பேக்கில் இஞ்சின் முதுகில் உட்கார்ந்திருக்கும். வளையும் கம்பி வழியாகத்தான் பிளேடு சுற்றும், ஆகவே கையில் எடை குறைவு. கல் கட்டிய படிகளின் ஓரத்திலும் நுழையலாம்.

அந்த வளையும் கம்பிதான் இதன் பலவீனமும். கூர்மையாக வளைத்துப் பிடித்து ஓட்டினால் உறைக்குள் சூடேறி அறுந்துவிடும். அடிக்கடி உருவி எடுத்துத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். வாங்கும்போதே உதிரியாக ஒரு கம்பி வாங்கி வையுங்கள், மலையில் அவசரத்துக்குக் கிடைக்காது. தடித்த புல்லுக்கும் புதருக்கும் இதைவிட சைடு பேக்கின் கம்பித் தண்டு உறுதியானது. சமவெளியில் இருக்கிறவர்கள் சுமை குறைகிறதே என்று இதை வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஓட்டும்போது சரிவின் குறுக்கே நடங்கள், மேலும் கீழுமாக வேண்டாம். மிளகுக் கொடி ஏறிய மரங்களின் அடியைக் கையால் சுத்தம் செய்யுங்கள். அந்த இடத்தில் எந்த மிஷினையும் நம்ப முடியாது.

கேள்வி: போன வருஷம் வாங்கிய டூ ஸ்ட்ரோக் மிஷின். நாலு மாதம் சும்மா வைத்திருந்தோம். இப்போது ஸ்டார்ட் ஆகிறது, வேகம் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் இஞ்சின் வேலை என்கிறார்.
– வாசகர், மணப்பாறை

பதில்: இஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள், முதலில் பெட்ரோல் போகும் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கும், ஆயில் பிசினாகப் படியும், கார்புரேட்டரில் இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃபிரம் விறைத்துவிடும். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் அதுதான். பழைய பெட்ரோலை முழுக்கக் கொட்டுங்கள். டேங்கின் உள்ளே குழாய் முனையில் இருக்கும் சின்ன ஃபில்டரை மாற்றுங்கள். டயஃபிரம் கிட் போட்டு கார்புரேட்டரைக் கழுவுங்கள். காற்று ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், தூசி அடைத்திருந்தாலும் இதே கதைதான். புகைபோக்கி வாயில் கரி அடைத்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது. இத்தனைக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் அப்போது இஞ்சினுக்குப் போகலாம்.

ஆயில் கலப்பு கையேட்டில் சொன்னபடிதான். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கண் அளவு வேண்டாம், மருந்துக் கடையில் ஒரு ஊசிக் குழாய் வாங்கி அளந்து ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கடைசி வேலை உண்டு.

கேள்வி: பிரஷ் கட்டருக்கு மானியம் உண்டா? வாங்கிவிட்டு பில்லைக் கொடுத்தால் கிடைக்குமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கிடைக்கிறது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு 50 சதவீதம். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு, ஆகவே சதவீதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே விண்ணப்பியுங்கள். முதலில் வாங்கிவிட்டு பிறகு பில் கொடுக்கும் வழி சரிவராது. உழவன் செயலியிலோ உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலோ விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு, துறையின் பட்டியலில் உள்ள மாடலை மட்டும் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. அரசுப் பரிசோதனை நிலையங்களின் அறிக்கை உள்ள மாடல் என்றால் அதில் எடை, எரிபொருள் செலவு, அதிர்வு எல்லாம் அளந்து எழுதியிருக்கும். மானியம் வேண்டாம் என்பவர்களும் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

கேள்வி: பிளேடில் சின்ன விரிசல். பக்கத்து லேத்தில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். வைக்கலாமா?
– வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்றே கழற்றிவிடுங்கள். வெல்டிங் வைத்த இடம் பதம் மாறி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், பிளேடின் எடைச் சமநிலையும் போய்விடும். மேலே சொன்ன வேகத்தில் அது உடைந்தால் துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றும்போது கவனியுங்கள், பெரும்பாலான மிஷின்களில் பிளேடு நட்டு இடது மரை. கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி மரையை அழித்துவிட்டு வருகிறார்கள். புதுப் பிளேடு மாட்டும்போது கியர் பெட்டியின் பக்கவாட்டு ஸ்குருவைத் திறந்து கிரீஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் வைத்தால் போதும். விரிசல் விட்ட பழைய பிளேடை வீட்டில் வைக்காதீர்கள். யாராவது எடுத்து மறுபடி மாட்டிவிடுவார்கள், அதனால் இரண்டாக வெட்டி இரும்புக் கடைக்குப் போடுங்கள்.